ஒவ்வொரு சொல்லும் தெரியும், பொருள்தான் தெரியாது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஆங்கில மரபுத்தொடர்களைப் பத்தி மாணவர்களுக்கு ஒரு அரை மணி நேரம் பேசணும்" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் 2008 முதல் 2012 வரை இங்கே மெக்கானிக்கல் படித்தவன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், சின்னமனூர் பக்கம் அரசுப் பள்ளி. "ஆங்கில இலக்கியத்துக்கும் எனக்கும் ஏணி வச்சாலும் எட்டாதே, இங்கிலீஷ் சார் யாராவது பேசட்டுமே" என்றேன். "அவங்க சரியாப் பேசிருவாங்கப்பா. நீ தப்பா மாட்டிக்கிட்டதைச் சொல்லு, அதுதான் பிள்ளைகளுக்கு உதவும்" என்றார். மாட்டிக்கொண்ட கதை என்றால் என்னிடம் நிறையவே இருக்கிறது. ஒத்துக்கொண்டேன்.

இப்போது நான் ஏணி என்று சொன்னதும் உங்களில் யாரும் அண்ணாந்து ஏணியைத் தேடவில்லை. ஏன் தேடவில்லை? அந்தத் தொடர் உங்கள் வீட்டில், தெருவில், டீக்கடையில் புழங்குகிற தொடர். அதைக் கேட்ட மாத்திரத்தில் ஏணி மறைந்து பொருள் மட்டும் வந்து நிற்கிறது. இதே வித்தை ஆங்கிலத்தில் நடக்கும்போது நமக்குப் பொருள் வருவதில்லை, ஏணிதான் வந்து நிற்கிறது. என் கதை அப்படிப்பட்டதுதான்.

கோவையில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பம்ப் உறைகளைக் கடைந்து இங்கிலாந்துக்கு அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. உள்துளையின் அளவு 20 மைக்ரானுக்கு மேல் தவறக் கூடாது. அந்தக் கண்டிப்பான அளவை நாங்கள் பிடித்துவிட்ட பெருமையில் இருந்தபோது, வாரந்தோறும் நடக்கும் போன் பேச்சில் வாடிக்கையாளர் தரப்பு இன்ஜினியர் சொன்னார்: "வீ ஆர் கட்டிங் இட் ஃபைன், ஆர்ன்ட் வீ?" கட்டிங் என்றால் கடைசல். ஃபைன் என்றால் நுணுக்கம். நம் கடைசல் வேலை நுணுக்கமாக இருக்கிறது என்று மனுஷன் பாராட்டுகிறார்! எனக்குக் குளிர்ந்துவிட்டது. "எஸ் சார், வெரி ஃபைன். வீ கேன் கட் ஈவன் ஃபைனர்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "ஐ சீ" என்றார். பேச்சு முடிந்தது.

அவர் சொன்னது கடைசலைப் பற்றியே அல்ல. கப்பலுக்கு மிச்சமிருக்கும் நேரம் மயிரிழை அளவுதான், தவறினால் போச்சு என்று எச்சரித்திருக்கிறார். நானோ, இன்னும் மெல்லிசாக்கிக் காட்டுகிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன்! தூத்துக்குடியில் அந்தக் கப்பல் போய்விட்டது. சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. இரும்புச் சாமானை விமானத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை இங்கே இருக்கும் தொழில்துறை நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூடுதல் செலவு என் ஒரு வருஷச் சம்பளத்தைத் தாண்டியது.

விசாரணைக் கூட்டத்தில் மேனேஜர் கேட்டார், "அவங்க ஒரு தடவை கூடவா எச்சரிக்கலை?" "இல்ல சார்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். மறுநாள் அங்கிருந்து மெயில் வந்தது, இன்ன தேதி போனிலேயே சொன்னோமே என்று. என் டைரியைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது: "கட்டிங் இட் ஃபைன்". பக்கத்தில் சந்தோஷமாக ஒரு டிக் வேறு போட்டு வைத்திருக்கிறேன்.

வேலை போகவில்லை. மேனேஜர் நல்ல மனிதர். ஆனால் அந்த டிக் குறி என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. யோசித்துப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. தெரியாத சொல் வந்தால் நமக்கு ஆபத்து இல்லை. முழங்கால் தட்டியது மாதிரி உடனே நின்றுவிடுவோம், டிக்ஷனரியை எடுப்போம், பக்கத்தில் கேட்போம். மரபுத்தொடர் அப்படி இல்லை. கட்டிங் தெரியும், இட் தெரியும், ஃபைன் தெரியும். மூன்றும் ஐந்தாம் வகுப்புச் சொல். எனவே நமக்குத் தெரியவில்லை என்பதே நமக்குத் தெரிவதில்லை. இப்போதுதான் கையில் போன் இருக்கிறதே, தட்டினால் அர்த்தம் வந்துவிடுமே என்று தம்பிகள் கேட்கலாம். வரும். தட்டவேண்டும் என்று முதலில் தோன்ற வேண்டுமே!

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததில்லை. வெள்ளைக்காரர்கள் தமிழிடம் பட்ட பாடு இதைவிடப் பெரிது. பெர்சிவல் பாதிரியார் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்போடு 1874-ல் சென்னையில் வெளியிட்டார். ஹெர்மன் ஜென்சன் என்று ஒருவர், டென்மார்க் நாட்டுப் பாதிரியார், 1897-ல் தமிழ்ப் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு நூல் போட்டார். ஜென்சனுக்குத் தமிழும் அயல் மொழி, அவர் எழுதிய ஆங்கிலமும் அயல் மொழி. இரண்டு ஆற்றையும் நீந்தியிருக்கிறார். இலக்கணம் படித்தும் ஊர்ப் பேச்சு பிடிபடாது, தொடர் தொடராகக் கேட்டு எழுதித்தான் தீர வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் கேட்பதை அவமானமாக நினைக்கிறோம்.

நம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியாறு அணை 1895-ல் வந்த பிறகு தண்ணீரை வைத்துத்தான் நம் பிழைப்பே. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம். நம் பேச்சிலும் அதே தண்ணிதான். "தண்ணி காட்டிட்டான்" என்றால் ஏமாற்றிவிட்டான். "தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்றால் இனி அவன் பாடு, நமக்குச் சம்பந்தமில்லை. "கணக்கு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு" என்றால் அத்தனை பழக்கம். "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திட்டாங்க" என்றால் அரசு ஊழியர்கள் இங்கே இருப்பார்கள், அவர்களுக்கே தெரியும். "தண்ணி போட்டிருக்கான்" என்பதற்கு விளக்கம் வேண்டாம். டிக்ஷனரியை வைத்துக்கொண்டு தமிழ் படித்த ஒரு வெளிநாட்டுக்காரர் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று இந்த ஐந்தையும் கேட்டால் என்ன ஆவார்? ஐந்திலும் தண்ணிதான் கேட்கும், ஒன்றிலும் அவர் நினைக்கிற தண்ணி இருக்காது. உங்களுக்கு ஐந்தும் தண்ணி பட்ட பாடு. ஆகவே உங்களுக்கு மரபுத்தொடர் மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊர்தான் வேறு.

ஊர் வேறு என்பதுதான் முக்கியம். பள்ளிக்கூடத்தில் நாம் இடியம்களை அகர வரிசையில் படித்தோம். ரென் அண்ட் மார்ட்டின் பட்டியல், எஸ்.எஸ்.சி. தேர்வுக்கான பட்டியல், எல்லாமே மளிகை லிஸ்ட் மாதிரி. பரீட்சைக்கு அது போதும், மார்க் வாங்க வேண்டியதுதான். எனக்கு அது தலையில் நிற்கவில்லை. எந்தத் தொடர் எங்கே பிறந்தது என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் நின்றது.

கிரிக்கெட்டில் பிறந்தவை நமக்குச் சுலபம். "ஆன் தி பேக் ஃபுட்" என்றால் தற்காப்பு நிலைக்குத் தள்ளப்பட்டிருக்கிறான். "ஸ்டிக்கி விக்கெட்" என்றால் சிக்கலான நிலைமை. ஆடுகளத்தை மழைக்கு மூடி வைக்காத காலத்தில், நனைந்து காய்கிற பிட்சில் பந்து கண்டபடி எழும்புமே, அது. ஹாட்ரிக் என்ற சொல்லே 1858-ல் ஷெஃபீல்டில் ஸ்டீபன்சன் என்ற பந்துவீச்சாளர் தொடர்ந்து மூன்று விக்கெட் எடுத்ததற்கு வசூல் செய்து தொப்பி வாங்கிக் கொடுத்ததில் வந்தது என்கிறார்கள். இதெல்லாம் நம் மண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் சாஃப்ட்வேர் பக்கம் போகிற தம்பி தங்கைகளுக்கு வாய்ப்பது பெரும்பாலும் அமெரிக்கர்கள். அவர்கள் பேஸ்பால் ஆடுகிறவர்கள். "கிவ் மீ எ பால்பார்க் ஃபிகர்" என்பார்கள். பால்பார்க் என்றால் பேஸ்பால் மைதானம். துல்லியம் வேண்டாம், குத்துமதிப்பாகச் சொல் என்று கேட்கிறார். நீங்கள் மூன்று நாள் உட்கார்ந்து பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டால் அவருக்கு எரிச்சல்தான் வரும். "லெட் அஸ் டச் பேஸ் ஆன் மண்டே" என்றால் திங்கட்கிழமை இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம். "ஐ வில் டேக் எ ரெயின் செக்" என்றால் மழைக்கும் செக்குக்கும் சம்பந்தமில்லை, இப்போது வர முடியவில்லை, இன்னொரு நாள் பார்ப்போம். மழையால் ஆட்டம் நின்றால் வேறொரு நாள் வந்து பார்க்க அந்தக் காலத்தில் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்குமே இது தகராறு என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். கூட்டத்தில் ஒரு விஷயத்தை "டேபிள்" பண்ணுவது என்றால் ஆங்கிலேயருக்கு அதை இப்போதே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்கருக்கு ஒத்திப்போடுவது. நேர் எதிர்! இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் வெகுநேரம் வாக்குவாதம் செய்ததையும், கடைசியில் பார்த்தால் இரண்டு தரப்புமே உடனே பேசத்தான் விரும்பியிருக்கிறது என்பதையும் சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தாய்மொழிக்காரர்கள் கதையே இப்படி.

மேஜை என்றதும் இன்னொன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் வகுப்புத் தோழன் ஒருவன். பேர் சொல்ல மாட்டேன், மூணாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான், அனுமதி வாங்கிவிட்டேன். கடைசி வருஷம், வளாக நேர்முகம். எழுத்துத் தேர்வில் அவன்தான் முதல். உள்ளே போனதும் கேட்டார்கள், "வாட் டு யூ பிரிங் டு தி டேபிள்?" உன்னால் எங்கள் நிறுவனத்துக்கு என்ன பயன் என்று கேள்வி. இவன் பணிவாகத் தன் சர்ட்டிபிகேட் ஃபைலை எடுத்து மேஜை மேல் வைத்தான். அவர்கள் சிரித்தார்கள். பிறகு அவனால் ஒரு கேள்விக்கும் வாய் திறக்க முடியவில்லை. வெளியே வந்தவன் வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் யாரிடமும் பேசவில்லை. லேத்தில் அவன் கை வேலையைப் பார்த்தவர்கள் நாங்கள். அவன் கொண்டு வந்திருந்தது என்ன என்று எங்களுக்குத் தெரியும். அந்த மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியாமலே போய்விட்டது. கேள்வியை வேறு சொற்களில் ஒரு முறை திருப்பிக் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் இன்று உட்கார்ந்திருக்கும் நம் நண்பர்கள் பலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாடக மேடையில் பிறந்தது ஒன்று, இன்ஜினியர்களுக்குப் பிடிக்கும். "ஸ்டீல் மை தண்டர்", என் இடியைத் திருடிவிட்டான். 1709-ல் லண்டனில் ஜான் டென்னிஸ் என்ற நாடகாசிரியர் தன் நாடகத்துக்காக இடிச் சத்தம் எழுப்பப் புது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். நாடகம் ஓடவில்லை, தூக்கிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அதே அரங்கில் மெக்பெத் நாடகத்துக்குப் போனால் அவருடைய இடி முழங்குகிறது! என் நாடகத்தை விட்டுவிட்டு என் இடியை மட்டும் வைத்துக்கொண்டார்களே என்று கத்தினாராம். ஒருவனுக்குக் கிடைக்க வேண்டிய பெயரை இன்னொருவன் தட்டிக்கொண்டு போவதற்கு இன்றும் அதுதான் சொல். ஆபீஸ் வாழ்க்கையில் இது அடிக்கடி தேவைப்படும்!

நம்ம ஊர் வாசனை அடிக்கிற தொடர்களில்தான் ஏமாற்றம் அதிகம். "ஐ ஹியர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்" என்று ஒருவர் சொன்னால், சுருளிப்பட்டியில் பந்தல் போட்டுத் திராட்சை வளர்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு முதலில் தோட்டம்தான் ஞாபகம் வரும். 2023-ல் நம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், தந்திக் கம்பி வழியாக இல்லாமல் வாய்வழியாகப் பரவும் செய்தியைத் திராட்சைக்கொடித் தந்தி என்று வேடிக்கையாகச் சொன்னதிலிருந்து வந்தது. அதே போல் "பைப் டிரீம்". குமுளியிலிருந்து இறங்கும்போது லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு மலைச்சரிவில் ராட்சசக் குழாய்கள் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பைப் என்றால் நமக்கு அதுதான். இவர்கள் சொல்வது அபின் குடிக்கிற குழாய். அந்த மயக்கத்தில் வரும் கனவு, அதாவது நடக்காத ஆசை. போடி ரயிலை 2010 கடைசியில் நிறுத்தியபோது, திரும்ப வரும் என்றவர்களைப் பார்த்து அப்படித்தான் சிரித்தோம். தேனிக்கு 2022-ல் வந்தது, போடிக்கு 2023-ல் வந்தது. ஆக எல்லா பைப் டிரீமும் பைப் டிரீம் இல்லை.

பிறப்புக் கதைகளில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" தொடருக்கு, கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்தன என்று ஒரு கதை இன்டர்நெட்டில் ரொம்ப வருஷமாகச் சுற்றுகிறது. அது கட்டுக்கதை. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் இதைக் கற்றுக்கொடுக்காத இடமில்லை. ஆனால் என்னோடு பேசிய ஆங்கிலேயர் ஒருவர் வாயிலிருந்தும் நான் இதுவரை கேட்டதில்லை.

கேட்டுப் புரிந்துகொள்வது வேறு, நாமே எடுத்து வீசுவது வேறு. வீசுவதற்கு நான் தம்பிகளைத் தூண்ட மாட்டேன். என் கூட வேலை பார்த்த ஒருவர், நல்ல மனசுக்காரர், வெளிநாட்டு வாடிக்கையாளரின் தகப்பனார் இறந்ததற்கு இரங்கல் மெயில் எழுதினார். இடியம் போட்டால் அழகாக இருக்கும் என்று "கிக்ட் தி பக்கெட்" என்று போட்டார். பட்டியலில் அதற்கு "இறந்து போதல்" என்றுதான் இருக்கும், பட்டியல் மேல் குற்றமில்லை. ஆனால் அதன் தரம் என்ன தெரியுமா? துக்க வீட்டில் போய், "உங்கப்பா மண்டையைப் போட்டுட்டாராமே" என்று கேட்பதற்குச் சமம். பொருளை மட்டும் எழுதி வைத்தால் போதாது. யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும். தமிழில் இதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, வீட்டுப் பெரியவர்கள் முறைத்த முறைப்பிலேயே கற்றுக்கொண்டோம்.

நம் பக்கத்து ஆங்கிலமும் அவர்களைக் குழப்பும் என்பதை மறந்துவிடக் கூடாது. "ஐ பாஸ்ட் அவுட் இன் 2012" என்று நான் என்னை அறிமுகம் செய்துகொண்டபோது ஒருவர் கவலையாகப் பார்த்தார். அவர்கள் ஊரில் அது மயங்கி விழுவது. ராணுவப் பயிற்சி முடிப்பதற்குத்தான் அங்கே அந்தத் தொடர் வரும். "ஐ ஹேவ் எ டவுட்" என்றால் நமக்கு ஒரு கேள்வி. அவருக்கோ, நீ சொல்வதை நான் நம்பவில்லை. "டூ தி நீட்ஃபுல்" ஒரு காலத்தில் அவர்களே எழுதியதுதான், அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் வைத்திருக்கிறோம். இதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் முகம் மாறினால் இன்னொரு விதமாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கப்பல் போன பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது இடத்துக்குப் பொருந்தாத சாமான் ஒன்று நடுவில் வந்து விழுந்தால் நின்றுவிடுவேன். பாய்லர் பேச்சில் கேக் வந்தால், பில் பேச்சில் குதிரை வந்தால், கப்பல் தேதிப் பேச்சில் கடைசல் வந்தால். உடனே "சாரி, வாட் டூ யூ மீன் பை தட்?" என்று கேட்பேன். முதல் நான்கைந்து தடவை நாக்கு வறண்டது. ஆனால் ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. நிதானமாக விளக்கினார்கள். சிலர் அதற்குப் பிறகு என்னிடம் எளிய ஆங்கிலத்திலேயே பேசினார்கள், அதுவே எனக்குப் பெரிய லாபம்.

கேட்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். தொடர், யார் சொன்னது, எப்போது சொன்னது, நான் முதலில் என்ன நினைத்தேன், உண்மையில் என்ன, இதற்கு நம்ம ஊரில் என்ன சொல்வோம். கடைசிக் கட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்", ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றுமதி செய்த துறைமுகத்துக்கே நிலக்கரி கொண்டு போவது. எதிரில் எழுதியிருக்கிறேன், கொல்லன் தெருவில் ஊசி விற்பது. சில தொடர்களுக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. "டஸ் நாட் ஹோல்ட் வாட்டர்", அந்த வாதம் தண்ணீர் தாங்காது, அதாவது எடுபடாது என்பதற்கு நம்ம பக்கம் சரியான ஒரு தண்ணித் தொடர் எனக்குக் கிடைக்கவில்லை. தெரிந்த பெரியவர்கள் சொன்னால் எழுதிக்கொள்கிறேன்.

அந்த நோட்டின் ஜெராக்ஸ் பிரதி இரண்டு நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து சுமார்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல் பக்கத்தில் அந்த டிக் குறி அப்படியே இருக்கிறது. மாலை நான்கு மணி வரை நானும் என் நண்பனும் வேப்பமரத்தடியில் இருப்போம். இன்டர்வியூவுக்குத் தயாராகிற தம்பி தங்கைகள் வாருங்கள், மேஜைக் கேள்விக்கு என்ன பதில் சொல்லலாம் என்று அவனே சொல்கிறேன் என்கிறான். இப்போது பந்தியில் இலை போட்டுவிட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார்.